சேர்வரை உயர்த்திய பிறகும் 110இல் நிற்கும் தரவுத்தளங்கள்

கொழும்பில் நான் வேலை பார்த்த நிறுவனங்களில் தரவுத்தள சேர்வரைப் புதிய பதிப்புக்கு உயர்த்தும் பணி பெரும்பாலும் நீண்ட விடுமுறை பார்த்தே வைக்கப்படுகிறது. பௌர்ணமி விடுமுறையான போயா தினம் வெள்ளியிலோ திங்களிலோ வந்துவிட்டால், முதல் நாள் மாலை கடையும் களஞ்சியமும் மூடிய பிறகு பெக்கப் எடுத்து, விடுமுறைக்குள் புதிய சேர்வரில் தரவுத்தளங்களை மீட்டெடுத்து, வேலை நாள் காலையில் கணக்குப் பகுதியினர் வந்து அமரும்போது எல்லாம் ஓடும்படி செய்துவிடுவார்கள். பதிப்பு இலக்கத்தைப் பார்த்து, எல்லாத் திரைகளும் திறக்கின்றனவா என்று சோதித்து, வேலை முடிந்ததாகக் கையெழுத்தும் வாங்கிவிடுவார்கள். என் கணிப்பில் அந்த இடத்தில் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. மீதி, ஒவ்வொரு தரவுத்தளத்தின் அமைப்புப் பக்கத்திலும் தனியே குறிக்கப்பட்டிருக்கும் ஓர் எண்ணில் தங்கியிருக்கிறது. கொம்பெட்டிபிலிட்டி லெவல் என்று துறையில் எல்லோரும் சொல்லும் அந்த இணக்க நிலையைப் பற்றியே இங்கே எழுதுகிறேன். மைக்ரோசொப்ட்டின் எஸ்கியூஎல் சேர்வரை மனத்தில் வைத்து எழுதுகிறேன். நம் ஊரின் மொத்த வியாபார, விநியோக, கணக்கு மென்பொருட்களில் பெரும் பங்கு அதன்மேல்தான் நிற்கிறது.

இணக்க நிலை ஒரு மூன்றிலக்க எண். 2008க்கும் 2008 ஆர்2க்கும் 100, 2012க்கு 110, 2014க்கு 120, 2016க்கு 130, 2017க்கு 140, 2019க்கு 150, 2022க்கு 160 என்று பத்துப் பத்தாக ஏறிக்கொண்டு போகிறது. சேர்வர் மென்பொருளின் பதிப்பு எதுவாக இருந்தாலும், ஒரு தரவுத்தளத்துக்குள் வரும் வினவல்களை, அதாவது மென்பொருள் அதனிடம் கேட்கும் கேள்விகளை, எந்தப் பதிப்பின் பழக்கப்படி விளங்கிக்கொள்ள வேண்டும், எந்த வழியால் நிறைவேற்ற வேண்டும் என்பதை இந்த எண்ணே சொல்கிறது. 2012இல் வளர்ந்த ஒரு தரவுத்தளத்தை 2019 சேர்வரில் மீட்டெடுத்தால் அது 150க்குத் தானாக ஏறுவதில்லை. பழைய 110உடனேயே அங்கே குடியிருக்கும். புதிய சேர்வர் ஏற்கும் மிகக் குறைந்த நிலைக்கும் கீழே இருந்தால் மட்டுமே அந்தக் குறைந்த நிலை வரை உயர்த்தப்படும். 2014 தொடங்கி அந்தக் கீழ் எல்லை 100. மாறாக, புதிய சேர்வரில் புதிதாக உருவாக்கும் தரவுத்தளம், மொடல் என்ற முன்மாதிரித் தரவுத்தளத்தின் நிலையை எடுத்துக்கொள்கிறது. ஆகவே ஒரே சேர்வரில், ஒரே வட்டில், ஒரு தரவுத்தளம் 2012இன் பழக்கத்திலும் அடுத்தது 2019இன் பழக்கத்திலும் ஓடுவது சாதாரணமான காட்சி. அமைப்பு அட்டவணைகளில் ஒரே ஒரு வினவலை ஓட்டினால் எல்லாத் தரவுத்தளங்களின் நிலையும் வரிசையாகத் தெரிந்துவிடும். அந்தப் பட்டியலை ஒரு முறையேனும் எடுத்துப் பார்த்தவர்களை நான் அதிகம் கண்டதில்லை.

கொழும்பில் இது ஏன் இவ்வளவு பரவலாக இருக்கிறது என்பதற்குக் காரணம் உண்டு. எஸ்கியூஎல் சேர்வர் 2012க்கான நீடிக்கப்பட்ட ஆதரவு 2022 ஜூலை 12இல் முடிந்தது. அந்த ஆண்டின் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாயளவுக்குப் போயிருந்தது. எரிபொருள் வரிசைக்கும் மின்வெட்டுக்கும் நடுவே கடையைத் திறந்து வைத்திருப்பதே பெரும்பாடாக இருந்தது. டொலரில் விலை குறிக்கப்படும் லைசன்ஸைப் புதுப்பிக்கும் பேச்சை எந்த முகாமையாளரிடமும் எடுக்க முடியாது. அதனால் 2012இலும் 2014இலும் நின்ற நிறுவனங்கள் அப்படியே நின்றன; நிலைமை சற்றுத் தேறிய பிறகு இரண்டு மூன்று பதிப்புகளை ஒரே தாண்டாகத் தாண்டின. ஒவ்வொரு பதிப்பாக ஏறியிருந்தால் ஒவ்வொன்றாகச் சந்தித்திருக்கக்கூடிய மாற்றங்கள் எல்லாம் இப்போது 110க்கும் 150க்கும் இடையில் ஒன்றாகக் குவிந்து கிடக்கின்றன.

முதலில் தெளிவாக வேண்டியது, எந்த மாற்றத்திலிருந்து திரும்பி வர முடியும், எதிலிருந்து முடியாது என்பது. ஒவ்வொரு தரவுத்தளக் கோப்புக்கும் உள்ளே வேறோர் எண் இருக்கிறது. அது கோப்பின் உள்ளமைப்பைக் குறிப்பது. 2012இல் 706 ஆக இருப்பது 2019இல் 904 ஆகிறது. தரவுத்தளத்தைப் புதிய சேர்வரில் மீட்டெடுத்த கணமே இந்த எண் ஏறிவிடுகிறது, இணக்க நிலை 110ஆகவே இருந்தாலும் சரி. அதன்பின் அந்தத் தரவுத்தளத்தைப் பெக்கப் எடுத்துப் பழைய 2012 சேர்வருக்குத் திருப்பிக் கொண்டுபோக எந்த வழியும் இல்லை. ஆனால் இணக்க நிலையை 150க்கு உயர்த்திவிட்டு, மதியம் ஏதோ சரியில்லை என்று தெரிந்தால், ஒரே கட்டளையில் 110க்கு இறக்கிவிடலாம். நான் பேசிப் பார்த்த பலர் இதைத் தலைகீழாக எண்ணியிருந்தார்கள். சேர்வரை உயர்த்துவது சாதாரண வேலை என்றும், இணக்க நிலையைத் தொட்டால் மீள முடியாது என்றும் நம்பினார்கள். வங்கிப் பக்கத்தில் ஒராக்கிளில் பழகி வந்தவர்களிடம் இந்த அச்சம் இயல்பானது; ஒராக்கிளின் கொம்பெட்டிபிள் என்ற அமைப்பை ஒரு முறை உயர்த்தினால் கீழே இறக்க முடியாது. எஸ்கியூஎல் சேர்வரின் இணக்க நிலை அப்படிப்பட்டதன்று. ஒரு விலக்கு மட்டும் உண்டு: உயர்ந்த நிலையில் மட்டுமே கிடைக்கும் வசதிகளை, உதாரணமாக 130 இல்லாமல் வேலை செய்யாத ஓபன் ஜேசன், ஸ்ட்ரிங் ஸ்ப்ளிட் ஆகியவற்றை, புரோகிராமர்கள் பயன்படுத்தத் தொடங்கிவிட்டால், நிலையை இறக்கும்போது அந்த வினவல்கள் உடைந்துபோகும்.

இனி, நிலை ஏறும்போது உண்மையில் என்ன மாறுகிறது என்பதற்கு வருவோம். எல்லாவற்றிலும் பெரிய மாற்றம் 110க்கும் 120க்கும் இடையிலான படியில் இருக்கிறது. ஒரு வினவல் வந்ததும் சேர்வர் அதை உடனே ஓட்டுவதில்லை. எந்த அட்டவணையிலிருந்து எத்தனை நிரைகள் (கிடைவரிசைகள்) வரக்கூடும் என்று முதலில் மதிப்பிட்டு, அந்த மதிப்பீட்டின்மேல் தேடலைச் சுருக்கும் எந்த இண்டெக்ஸைப் பயன்படுத்துவது, எந்த முறையில் அட்டவணைகளை இணைப்பது, எவ்வளவு நினைவகம் கேட்பது என்றெல்லாம் தீர்மானித்து ஒரு திட்டத்தை அமைக்கிறது. இந்த மதிப்பீட்டைச் செய்யும் பகுதி 1998இல் வந்த 7.0 பதிப்பின் அடிப்படையிலேயே 2012 வரை ஓடியது. 2014இல் மைக்ரோசொப்ட் அதைப் புதிதாக எழுதியது. நிலை 110 வரை பழைய மதிப்பீடு, 120 தொடங்கிப் புதியது. அதாவது 2012இலிருந்து 2019க்குப் போனவர், இணக்க நிலையைத் தொடாதவரை, 1998இன் அனுமானங்களோடுதான் இன்னும் வாழ்கிறார்.

அனுமானங்கள் என்று சொல்வதை ஓர் உதாரணத்தால் விளக்கலாம். பத்து இலட்சம் விலைப்பட்டியல்கள் உள்ள அட்டவணை ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதில் வட மாகாணத்துக்குச் சென்றவை 5 சதவீதம், யாழ்ப்பாண மாவட்டத்துக்குச் சென்றவை 4 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். மாகாணம் வடக்கு, மாவட்டம் யாழ்ப்பாணம் என்று இரண்டு நிபந்தனைகளையும் சேர்த்து ஒரு வினவல் வருகிறது. பழைய மதிப்பீடு, இரண்டு நிபந்தனைகளும் ஒன்றுக்கொன்று தொடர்பற்றவை என்று கொண்டு 5 சதவீதத்தையும் 4 சதவீதத்தையும் பெருக்கி 2,000 நிரைகள் வரும் என்று சொல்லும். யாழ்ப்பாணம் முழுவதும் வட மாகாணத்துக்குள் இருப்பதை நாம் அறிவோம். உண்மையில் வருவது 40,000. புதிய மதிப்பீடு நிபந்தனைகளுக்கிடையே ஓரளவு தொடர்பு இருக்கும் என்று எடுத்துக்கொள்கிறது. மிக இறுக்கமான நிபந்தனையை முழுதாகவும், அடுத்ததை அதன் வர்க்கமூலமாகவும், மூன்றாவதை நான்காம் மூலமாகவும் எடுத்துப் பெருக்குகிறது. அதன்படி 4 சதவீதத்தை, 5 சதவீதத்தின் வர்க்கமூலமான சுமார் 22.4 சதவீதத்தால் பெருக்க 8,900 அளவில் வருகிறது. இதுவும் உண்மைக்குத் தொலைவில்தான் நிற்கிறது, ஆனால் பழையதைவிட நாலு மடங்குக்கு மேல் நெருங்கியிருக்கிறது.

இதே கணக்கு மறுபக்கமும் வெட்டும். மாவட்டம் யாழ்ப்பாணம், பொருள் வகை சவர்க்காரம் என்று உண்மையிலேயே தொடர்பற்ற இரண்டு நிபந்தனைகள் அதே சதவீதங்களுடன் வந்தால், பழைய மதிப்பீட்டின் 2,000 சரியாகவும் புதியதின் 8,900 மிகையாகவும் இருக்கும். மிகையாக மதிப்பிட்ட சேர்வர், இண்டெக்ஸின் வழியாகப் போகாமல் முழு அட்டவணையையும் வாசிக்கத் தீர்மானிக்கலாம். தேவைக்கு மேல் நினைவகம் கேட்டு, பக்கத்தில் ஓட வேண்டிய வேறு வினவலைக் காக்க வைக்கலாம். ஆகவே புதிய மதிப்பீடு எல்லா வினவலுக்கும் நல்லது என்று எவரும் உறுதி கூற முடியாது. பெரும்பாலானவற்றுக்கு நல்லது, சிலவற்றுக்குக் கெடுதல், அந்தச் சில எவை என்பது அவரவர் தரவைப் பொறுத்தது. இந்த விடயத்தில் அளந்து பார்ப்பதைத் தவிர வேறு வழியே இல்லை என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

வியாபாரக் கணக்குகளில் இன்னொரு அனுமானம் இதைவிட அதிகம் வலிக்கிறது. சேர்வர் தன் மதிப்பீட்டுக்கு ஆதாரமாக ஒவ்வொரு நிரலிலும் (நெடுவரிசையிலும்) உள்ள பெறுமதிகளின் பரம்பலை, கூடியது 200 படிகள் கொண்ட ஒரு ஹிஸ்டோகிராமாகச் சேமித்து வைத்திருக்கிறது. அது கடைசியாகப் புதுப்பிக்கப்பட்டபோது இருந்த ஆகப் பிந்திய திகதி நேற்று முன்தினம் என்றால், இன்றைய விலைப்பட்டியல்கள் அதில் இல்லை. பழைய மதிப்பீடு இன்றைய திகதிக்கு ஒரே ஒரு நிரைதான் வரும் என்று கொள்ளும். புறக்கோட்டையில் ஒரு மொத்த வியாபாரக் கடை சித்திரைப் புத்தாண்டுக்கு முந்திய வாரத்தில் ஒரு நாளில் எத்தனை விலைப்பட்டியல் எழுதும் என்பதை யாரும் ஊகிக்கலாம். அத்தனையையும் ஒன்று என்று எண்ணி, ஒவ்வொரு நிரையாகத் தேடிச் செல்லும் இணைப்பு முறையைச் சேர்வர் தெரிவுசெய்கிறது. மாலையில் எடுக்கும் நாளாந்த விற்பனை அறிக்கை நாளுக்கு நாள் மந்தமாகிறது. புதிய மதிப்பீடு, ஹிஸ்டோகிராமில் இல்லாத திகதிக்கும் சராசரியாக ஒரு திகதிக்கு வரும் அளவு நிரைகள் இருக்கும் என்று கொள்கிறது. கணக்கியல் மென்பொருளில் எல்லோரும் எப்போதும் கேட்பது இன்றையதையும் நேற்றையதையும்தான். ஆகவே இந்த ஒரு திருத்தத்துக்காகவே நிலையை உயர்த்துவது பொருந்தும் என்று நினைக்கிறேன்.

இதோடு சேர்ந்தது அந்த ஹிஸ்டோகிராம் அடங்கிய புள்ளிவிபரங்கள் எப்போது தானாகப் புதுப்பிக்கப்படும் என்ற விதி. நிலை 130க்குக் கீழே, ஓர் அட்டவணையின் நிரைகளில் 20 சதவீதமும் மேலதிகமாக 500உம் மாறிய பிறகே புதுப்பித்தல் தூண்டப்படும். ஒரு கோடி நிரைகள் உள்ள விலைப்பட்டியல் விபர அட்டவணையில் இது 2,000,500 மாற்றங்கள். நிலை 130 தொடங்கி, நிரை எண்ணிக்கையை ஆயிரத்தால் பெருக்கி அதன் வர்க்கமூலம் எடுக்கப்படுகிறது. பழைய கணக்கோடு ஒப்பிட்டு எது சிறியதோ அதுவே எல்லை. அதே அட்டவணைக்கு அது 100,000 மட்டுமே. ஆண்டுக்கணக்கில் வளர்ந்த அட்டவணைகளுக்கு இதன் பெறுமதி மிகப் பெரிது.

இதுவரை சொன்னவை எல்லாம் வேகம் பற்றியவை. விடையே மாறும் இடமும் உண்டு. அதைத்தான் நான் எல்லோருக்கும் முதலில் எச்சரிக்கிறேன். எஸ்கியூஎல் சேர்வரின் பழைய டேட்டைம் வகை நேரத்தை ஒரு செக்கனின் முந்நூறில் ஒரு பங்காகச் சேமிக்கிறது. திரையில் .003 என்று தெரிவது உண்மையில் .00333 என்று முடிவில்லாமல் போகும் பின்னம். புதிய டேட்டைம்2 வகை தசமத்தில் துல்லியமாகச் சேமிக்கிறது. நிலை 120 வரை, டேட்டைமை டேட்டைம்2ஆக மாற்றினால் .0030000 என்று வரும், 130 தொடங்கி .0033333 என்று வரும். பழைய விலைப்பட்டியல் அட்டவணையில் டேட்டைம் நிரலும், பிற்பாடு வேறொருவர் சேர்த்த கொடுப்பனவு அட்டவணையில் மில்லிசெக்கன் வரை வைக்கும் டேட்டைம்2 நிரலும் இருந்து, இரண்டையும் நேரம் சமமாக இருக்கிறதா என்று பார்த்து இணைக்கும் வினவல் ஒன்று இருந்தால், நிலையை உயர்த்திய அன்று அது பிழைச் செய்தி எதுவும் காட்டாமல் நிரைகளை இழக்கும். முந்நூறின் பங்குகளில் மூன்றில் ஒன்றுதான் மில்லிசெக்கனில் முழுதாக அமைவது; .000, .010 என்று வருபவை பொருந்தும், .003 என்றும் .007 என்றும் தெரிபவை பொருந்தா. மொத்தம் தவறிய பிறகு கணக்காளர் ஒருவர் தன் கூட்டலைத்தான் சந்தேகிப்பார். நேரத்தை வைத்து அட்டவணைகளை இணைப்பது முதலிலேயே நல்ல வடிவமைப்பன்று என்று சொல்லித் தப்பலாம், ஆனால் பதினைந்து ஆண்டுகளாகப் பலர் கை வைத்த மென்பொருளில் அத்தகைய இணைப்புகள் இருக்கத்தான் செய்கின்றன. நிலையை 130க்கோ அதற்கு மேலோ உயர்த்துமுன் இவ்விரு வகைகளும் சந்திக்கும் இடங்களைத் தேடிப் பார்ப்பது கட்டாயம். அந்த மாற்றத்தில் தங்கியிருக்கும் இண்டெக்ஸ்களும் சேமித்து வைக்கப்பட்ட கணிப்பு நிரல்களும் இருந்தால் அவற்றையும் சரிபார்த்து மீளக் கட்ட வேண்டும்.

நன்மையின் பக்கத்தில் எனக்குப் பிடித்தது 150இல் வரும் ஒரு மாற்றம். உள்ளூர் மென்பொருட்களில் வற் வரியைக் கணிப்பதற்கென்று ஒரு சிறு பங்ஷன் எழுதி, விலைப்பட்டியலின் ஒவ்வொரு நிரைக்கும் அதை அழைப்பது வழக்கம். வரி வீதம் 2019 டிசம்பரில் 8 சதவீதமாகக் குறைந்து, 2022 ஜூனில் 12, அதே ஆண்டு செப்டெம்பரில் 15, 2024 ஜனவரியில் 18 என்று ஏறிய நாட்டில், அந்தப் பங்ஷனுக்குள் திகதியைப் பார்த்து வீதத்தைத் தேடும் வேலையும் சேர்ந்துகொண்டது. 150க்குக் கீழே சேர்வர் இத்தகைய பங்ஷனை ஒவ்வொரு நிரைக்கும் தனித்தனியாக அழைக்கும். இலட்சம் நிரைகள் கொண்ட மாத இறுதி அறிக்கையில் இலட்சம் அழைப்புகள். 150இல் சேர்வர் அந்தப் பங்ஷனை வினவலுக்குள்ளேயே கரைத்து, ஒரே திட்டமாக அமைக்க முயல்கிறது. ஆனால் எல்லாப் பங்ஷனும் இதற்குத் தகுதி பெறுவதில்லை. உள்ளே இன்றைய திகதியைக் கேட்கும் கெட்டேட் இருந்தால் கரைக்கப்படாது. விலைப்பட்டியலின் திகதியை வெளியிலிருந்து வாங்கி, அதற்குரிய வீதத்தை அட்டவணையிலிருந்து எடுக்கும்படி எழுதியிருந்தால் கரைக்கப்பட வாய்ப்புண்டு. பழைய விலைப்பட்டியலை மறுபடி அச்சிடும்போது அன்றைய வீதம் வரவேண்டும் என்பதால் கணக்கியல் முறையிலும் அதுவே சரியானது. ஏதாவது ஒரு பங்ஷனில் இந்தக் கரைப்பு தொல்லை தந்தால், அந்தப் பங்ஷனுக்கு மட்டும் நிறுத்தவும் முடியும், முழுத் தரவுத்தளத்துக்கும் நிறுத்தவும் முடியும். அதற்காக நிலையை இறக்க வேண்டியதில்லை.

இவ்வளவும் தெரிந்த பிறகு, எப்போது, எப்படி உயர்த்துவது என்ற கேள்வி வருகிறது. கொழும்பு 11இல் உள்ள ஒரு விநியோக நிறுவனத்தில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். 2012இலிருந்து 2019க்கு மாற்றும் வேலையை வெளியார் ஒருவரிடம் கொடுத்திருந்தார்கள். அவர் அதே வார இறுதியில் புதிய இயந்திரத்துக்கு மாற்றி, புதிய பதிப்பை நிறுவி, இணக்க நிலையையும் 150க்கு உயர்த்திவிட்டுப் போயிருந்தார். மாத முடிவில் என்னை அழைத்த கணக்குப் பொறுப்பாளர், “தம்பி, புது சேர்வர் எண்டு சொல்லிச்சினம். ஆனா கடன்பட்டோர் ரிப்போட் முந்தியிலும் பார்க்கப் பிந்தித்தான் வருது. ரெண்டு பேர் சேர்ந்து எடுத்தால் ஒராளின்ர திரை அப்பிடியே நிக்குது” என்றார். “அக்கா, எப்ப இருந்து?” என்று கேட்டதற்கு, “மாத்தின நாளில இருந்து” என்றார். மாற்றிய நாளில் மூன்று மாற்றங்கள் ஒன்றாக நடந்திருந்தபடியால் அந்தப் பதில் எதையும் பிரித்துக் காட்டவில்லை. வட்டா, நினைவக அமைப்பா, பதிப்பா, இணக்க நிலையா என்று ஒவ்வொன்றாக விலக்க வேண்டியிருந்தது.

அங்கே கடைசியில் பிடிபட்டது நான் மேலே சொன்ன மிகை மதிப்பீடுதான். விற்பனைப் பிரதிநிதி, பொருள் வகை, கடன் தவணை என்று தொடர்பற்ற மூன்று நிபந்தனைகளை வைத்திருந்த ஒரே ஒரு வினவலுக்குச் சேர்வர் தேவைக்கு மிக மேலான நினைவகம் கேட்டது. இரண்டாவது ஆள் அதே அறிக்கையைக் கேட்கும்போது கொடுக்க நினைவகம் இல்லாமல் அவரைக் காக்க வைத்தது. மென்பொருளை எழுதியவர்கள் வினவலைத் திருத்தித் தர முன்வரவில்லை. எனவே வினவல்களின் திட்டங்களைப் பதிந்து வைக்கும் குவெரி ஸ்டோரை இயக்கி, நிலையை 110க்கு இறக்கி, பழைய திட்டம் பதிவாகும்வரை விட்டு, மறுபடி 150க்கு உயர்த்தி, அந்த ஒரு வினவலுக்கு மட்டும் பழைய திட்டத்தையே பின்பற்றும்படி கட்டாயப்படுத்தினோம். மற்ற அறிக்கைகள் எல்லாம் 150இன் பயனைப் பெற்றன. முழுத் தரவுத்தளத்தையும் 110இல் விட்டிருந்தால் ஓர் அறிக்கைக்காக எல்லாவற்றையும் இழந்திருப்பார்கள்.

அதனால் நான் வற்புறுத்தும் ஒழுங்கு இது. சேர்வரை உயர்த்தும் நாளில் இணக்க நிலையைத் தொட வேண்டாம். பழைய நிலையிலேயே இருக்கட்டும். அன்றே குவெரி ஸ்டோரை இயக்குங்கள். 2016இல் வந்த இந்த வசதி ஒவ்வொரு வினவலும் எந்தத் திட்டத்தில், எவ்வளவு நேரத்தில் ஓடியது என்பதைத் தரவுத்தளத்துக்குள்ளேயே பதிந்து வைக்கிறது. இணக்க நிலை பழையதாக இருந்தாலும் வேலை செய்யும். 2022இல் புதிதாக உருவாக்கும் தரவுத்தளங்களுக்கு அது தானாக இயங்கும், ஆனால் பழைய பதிப்பிலிருந்து கொண்டுவந்தவற்றுக்கு நாம்தான் இயக்க வேண்டும். 2016இலும் 2017இலும் அதற்கு ஒதுக்கப்படும் இடம் 100 மெகாபைட் மட்டுமே; நிரம்பினால் அது பதிவதை நிறுத்தி வாசிக்க மட்டுமான நிலைக்குப் போகக்கூடும், அப்படிப் போனதை யாரும் நமக்கு அறிவிப்பதில்லை. 2019இன் வழக்கமான அளவாகிய 1,000 மெகாபைட்டாவது கொடுங்கள். ஒரு முழு மாத முடிவும், சம்பள ஓட்டமும், ஊழியர் சேமலாப நிதிப் பட்டியலும் அதில் பதிவாகும்வரை பொறுத்திருங்கள். மாதத்தில் ஒரு முறை மட்டும் ஓடும் வினவல்கள்தான் பெரும்பாலும் தொல்லை தருபவை. ஒரு வாரத்து ஆதாரத்தில் அவை அகப்படா.

நிலையை உயர்த்தும் நாளுக்குப் போயா விடுமுறையைத் தேடாதீர்கள் என்பது என் உறுதியான கருத்து. சேர்வரை உயர்த்தும்போது யாரும் வேலையில் இல்லாதிருப்பது நல்லது, ஏனெனில் அது திரும்பி வர முடியாத வேலை. இணக்க நிலையோ ஒரே கட்டளையில் திரும்பக்கூடியது. அதன் விளைவு மனிதர்கள் வேலை செய்யும்போது மட்டுமே தெரியும். மாத நடுவில், சாதாரண வேலை நாள் ஒன்றில், அதிகாலையில், கவுண்டர் திறக்குமுன் மாற்றுங்கள். மாற்றியவுடன் அந்தத் தரவுத்தளத்தின் திட்டங்கள் எல்லாம் நினைவகத்திலிருந்து நீக்கப்பட்டு மீண்டும் அமைக்கப்படுவதால் முதற் சில நிமிடங்கள் சேர்வர் மூச்சு வாங்கும். வாடிக்கையாளர் வரிசையில் நிற்கும்போது அது வேண்டாம். மார்ச் நடுப்பகுதியிலிருந்து சித்திரைப் புத்தாண்டு கழியும்வரை, விற்பனை உச்சமும் மார்ச் 31இன் நிதியாண்டு முடிவும் சேர்ந்து வரும் காலத்தில், எதையும் தொடாமல் இருப்பதே நல்லது. மாற்றிய பின், வேகம் குறைந்த வினவல்கள் எவை என்று குவெரி ஸ்டோரே பிரித்துக் காட்டும். அவற்றுக்குப் பழைய திட்டத்தைக் கட்டாயப்படுத்தலாம், அல்லது வினவலைத் திருத்த முடிந்தால் அதற்கு மட்டும் பழைய மதிப்பீட்டைப் பயன்படுத்தும் குறிப்பைச் சேர்க்கலாம். மதிப்பீடு மட்டுமே பிரச்சினை, மற்ற வசதிகள் வேண்டும் என்றால், நிலை 150இலேயே இருக்க, பழைய மதிப்பீட்டை முழுத் தரவுத்தளத்துக்கும் இயக்கும் அமைப்பும் 2016 தொடங்கி இருக்கிறது.

சோதனை செய்யும் இடத்தில் ஒரு பொறி இருக்கிறது. பலர் இலவசமான டெவலப்பர் பதிப்பில் (இங்கே பதிப்பு என்பது ஆண்டையன்று, விற்பனை வகையைக் குறிக்கிறது) தரவுத்தளத்தை மீட்டெடுத்து, 150இல் அறிக்கைகளை ஓட்டிப் பார்த்து, வியந்துபோகிறார்கள். வழக்கமான டெவலப்பர் பதிப்பு எண்டர்பிரைஸ் பதிப்பின் எல்லா வசதிகளையும் கொண்டது. சாதாரண அட்டவணைகளிலும் நிரைகளைத் தொகுதி தொகுதியாகக் கையாளும் 2019இன் முறை, ஓடும்போதே இணைப்பு முறையை மாற்றிக்கொள்ளும் வசதி ஆகியன எண்டர்பிரைஸுக்கே உரியவை. கொழும்பில் நடுத்தர நிறுவனங்கள் வாங்குவது ஸ்டாண்டர்ட். அதிலும் சிறியவை 2022 வரை 10 ஜிகாபைட் எல்லையுடன் வந்த எக்ஸ்பிரஸில் ஓடுகின்றன. சோதனையில் கண்ட வேகத்தை நம்பி முகாமையாளருக்கு வாக்குக் கொடுத்துவிட்டு, ஸ்டாண்டர்டில் அது வராதபோது நிற்பது சங்கடமானது. புதிய மதிப்பீடு, பங்ஷனைக் கரைத்தல், நிரைகளைத் தற்காலிகமாக வைக்கும் டேபிள் வேரியபிளின் உண்மையான நிரை எண்ணிக்கையைப் பார்த்துத் திட்டம் அமைத்தல் ஆகியன எண்டர்பிரைஸ், ஸ்டாண்டர்ட், எக்ஸ்பிரஸ் எல்லாவற்றிலும் உள்ளன. 2025 பதிப்பில் ஸ்டாண்டர்டுக்கு நிகரான டெவலப்பர் பதிப்பு ஒன்றும் தனியாக வந்திருக்கிறது. நம்மைப் போன்றவர்களுக்கு அது நல்ல செய்தி.

நிதியாண்டுக்கு ஒன்று, கிளைக்கு ஒன்று என்று தரவுத்தளங்களைப் பிரித்து வைத்திருக்கும் இடங்களில் மேலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இரண்டு தரவுத்தளங்களைத் தொடும் வினவல் ஒன்றுக்கு எந்த இணக்க நிலை பொருந்தும் என்றால், அது எந்தத் தரவுத்தளத்தில் நின்றுகொண்டு ஓட்டப்படுகிறதோ அதன் நிலைதான். ஸ்டோர்ட் புரொசீஜர் என்றால் அது எழுதி வைக்கப்பட்டிருக்கும் தரவுத்தளத்தின் நிலை. தரவு எங்கே இருக்கிறது என்பது கணக்கில் வராது. ஆகவே விற்பனைத் தரவுத்தளத்தை 110இலேயே விட்டுவைத்து, அறிக்கைகளுக்கென்று புதிதாக ஒரு தரவுத்தளத்தை உருவாக்கினால், அந்த அறிக்கைகள் 150இன் வழியில் ஓடும். ஒரே அறிக்கை ஓரிடத்திலிருந்து வேகமாகவும் இன்னோரிடத்திலிருந்து மந்தமாகவும் வருகிறது என்று கேள்விப்பட்டால் இதைத்தான் முதலில் பார்ப்பேன்.

மென்பொருள் விற்ற நிறுவனம் “நிலையைத் தொட்டால் ஆதரவு தர மாட்டோம்” என்று சொல்வது இங்கே வழக்கம். அவர்களுடைய அச்சத்தை நான் புறக்கணிக்கவில்லை; பத்து வாடிக்கையாளர்களிடம் பத்து விதமான நிலைகளில் ஓடும் மென்பொருளைத் தாங்குவது கடினம். ஆனால் 2012க்கு மேல் எந்த நிலையையும் தாங்கள் சோதித்ததில்லை என்பதே அந்தப் பதிலின் பொருள் என்றால், அதை எழுத்தில் கேட்டு வாங்குவது வாடிக்கையாளரின் உரிமை. எந்த நிலைவரை சோதித்திருக்கிறார்கள் என்ற கேள்வியை, புதிய பதிப்பின் லைசன்ஸுக்குப் பணம் கட்டுமுன் கேட்க வேண்டும். டொலரில் வாங்கிய ஒரு பொருளின் பெரும்பகுதி பூட்டிக் கிடப்பதை ஒரு கணக்காளர் அறிந்தால் எளிதில் பொறுக்க மாட்டார்.

உயர்த்தாமல் விடுவதே சரியான தரவுத்தளங்களும் உண்டு. எழுதியவர்கள் கலைந்துபோன மென்பொருள், வருடத்தில் ஒரு முறை கணக்காய்வாளருக்காக மட்டும் திறக்கப்படும் பழைய சம்பளப் பதிவுகள் போன்றவற்றை 110இலேயே வைத்திருப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. பிந்திய பதிப்புகளும் 100 வரை ஏற்கின்றன. ஆனால் அந்த முடிவைத் தரவுத்தளத்திலேயே எழுதி வைக்க வேண்டும். எக்ஸ்டெண்டட் புரொப்பர்ட்டி என்ற இடத்தில் எந்தத் தரவுத்தளத்திலும் ஒரு குறிப்பைச் சேர்க்கலாம். அது பெக்கப்போடு சேர்ந்து பயணிக்கும். எந்த நிலையில், எந்தத் திகதியில், எந்தக் காரணத்துக்காக விடப்பட்டது, அதை மீண்டும் பார்க்க வேண்டிய பொறுப்பு எந்தப் பதவிக்குரியது என்று நாலு வரி போதும். அடுத்த பதிப்புக்கு மாற்ற வருபவர் இணக்க நிலைகளின் பட்டியலை எடுத்தவுடன், 110 என்று நிற்பவற்றில் எது தீர்மானித்து விடப்பட்டது, எது யாரும் பார்க்காமல் விடப்பட்டது என்பதை அந்த நாலு வரியிலிருந்தே பிரித்துக்கொள்வார்.